பி.எட். பயிற்சி ஃபைலைப் பார்த்து ஒருவர் வகுப்புக்குத் தயார் என்று சொல்ல முடியுமா?

சயான் டீச்சர் (ஞாயிறு மாலை)

மும்பை சயானில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுதோறும் பி.எட். கல்லூரியிலிருந்து நான்கைந்து பயிற்சி மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள். பதினாறு வாரம் எங்களோடு இருப்பார்கள். கடைசியில் அவர்கள் கொண்டுவரும் ஃபைலில், வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது அந்த ஃபைலுக்கு போர்ட்ஃபோலியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் தொகுப்பேடு என்று எழுதுகிறேன்.

இந்த ஆண்டு என்னிடம் இரண்டு பெண்கள் வந்தார்கள். முதல் பெண்ணின் தொகுப்பேடு நூற்றெண்பது பக்கம். ஒவ்வொரு பாடக்குறிப்புக்கும் வண்ணக் கரை, லேமினேட் செய்த அட்டை, தெர்மோகோலில் செய்த பீட்சாவின் புகைப்படம். முப்பது பாடங்களின் முடிவிலும் ஒரே வரி: "மாணவர்கள் ஆர்வத்துடன் கற்றனர். பாட நோக்கம் நிறைவேறியது." அந்த முப்பது பாடங்களிலும் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பத்துப் பாடங்களில் நோக்கம் நிறைவேறவில்லை. அந்தப் பெண் நல்ல உழைப்பாளி, பொய் சொல்லும் பழக்கமில்லாதவள். ஃபைல் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பெண்ணுடையது நாற்பது பக்கம்கூட இல்லை. நடுவில் ஒரு பையனின் நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தாள். அதில் 1/2 + 1/3 = 2/5 என்று இருந்தது. சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாள். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருந்தாள்: "முதல் கேள்விக்கு இரண்டுக்கு ஒன்று, அடுத்ததற்கு மூன்றுக்கு ஒன்று. மொத்தம் ஐந்துக்கு இரண்டு. யூனிட் டெஸ்டில் டீச்சர் அப்படித்தானே கூட்டிப் போடுகிறார்கள்?"

இந்தத் தவறை எத்தனையோ நூறு நோட்டுகளில் திருத்தியிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளையின் வாயிலிருந்து தெரிந்துகொண்டது இதுதான் முதல் முறை.

மறுநாள் அவள் எல்லோருக்கும் ஒரு நீளக் காகிதத் துண்டு கொடுத்தாள். பாதியாக மடிக்கச் சொன்னாள். இன்னொரு துண்டை ஐந்தாக மடித்து இரண்டு பங்கை நிழலிடச் சொன்னாள். இரண்டையும் அருகருகே வைத்து, "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டாள். வகுப்பு ஒரு நொடி அமைதியாக இருந்தது. அன்று மாலை அவள் எழுதிய குறிப்பு இது: "மதிப்பெண்ணில் ஒவ்வொரு கேள்வியின் முழுமையும் வேறு. பின்னத்தைக் கூட்டும்போது முழுமை ஒன்றே. இதை நான் முதல் நாள் சொல்லவில்லை. பதினோரு பேருக்கு இன்னும் புரியவில்லை. வியாழக்கிழமை மறுபடி எடுக்க வேண்டும்."

கல்லூரி எந்தத் தொகுப்பேட்டுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தது என்று நீங்களே ஊகிக்கலாம். இரண்டாவது பெண்ணிடம் "படங்கள் போதாது, முழுமையாக இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த தொகுதி மாணவர்கள் வருவதற்குள் கல்லூரியோடு பேச வேண்டும் என்றிருக்கிறேன். தொகுப்பேட்டில் என்ன இருந்தால், அதை வைத்து ஒருவர் தனியாக வகுப்பை ஏற்கத் தயார் என்று சொல்லலாம்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட்வாசி (ஞாயிறு இரவு)

முப்பது ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லேமினேட் செய்த அட்டை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் லீ ஷுல்மன் நினைவுக்கு வந்தார். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஆசிரியர்களை மதிப்பிடும் புதிய வழிகளைத் தேடிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தாளில் எழுதும் தேர்வு ஒருவருக்கு என்ன தெரியும் என்று காட்டும், பிள்ளைகள் முன்னால் அவர் என்ன செய்வார் என்று காட்டாது என்ற குறையிலிருந்துதான் அவர்கள் தொகுப்பேட்டுக்கு வந்தார்கள். அதே ஷுல்மன் பின்னாளில், தொகுப்பேட்டுக்கு நேரக்கூடிய கேடுகள் என்று ஐந்தைக் குறிப்பிட்டார். அவற்றில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயரே லேமினேஷன்தான். உள்ளடக்கத்தைவிட மேல்பூச்சு முந்திக்கொள்வது. தூக்க முடியாத சுமையாகிப்போவது இன்னொன்று. அற்பமான விஷயங்களைச் சேர்த்து நிரப்புவது மற்றொன்று. நூற்றெண்பது பக்கத்தில் மூன்றும் இருக்கின்றன.

அவர் பார்வையில் தொகுப்பேடு என்பது வழிகாட்டியின் துணையோடு ஒருவர் கற்பித்த வரலாறு. பிள்ளைகளின் வேலை அதற்குச் சான்று. எழுதிப் பார்ப்பதும் பிறரோடு உட்கார்ந்து பேசுவதும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். நம் ஊரில் முதல் பாதியை எடுத்துக்கொண்டோம், பேசுவதை விட்டுவிட்டோம்.

நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் கல்வியைச் சீராய்ந்த நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது. அந்த ஆணையம் உருவானதற்கே மகாராஷ்டிராவின் டி.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி) கல்லூரிகள் பற்றிய வழக்குதான் காரணம். அதன் தொடர்ச்சியாக தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பி.எட். ஓராண்டிலிருந்து இரண்டாண்டாயிற்று. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் இருபது வாரம்: முதல் ஆண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு. பயிற்சி மாணவர் தன் அனுபவத்தைப் பற்றிச் சிந்தித்து எழுதும் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த மாற்றத்தின் பகுதி. முன்பெல்லாம் இத்தனை பாடம் எடுத்தாயா என்று எண்ணி முடித்துவிடுவோம். நானும் எண்ணியவன்தான். வாரங்கள் கூடிவிட்டன, எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை.

தொண்ணூறடி ரோடு (திங்கள் காலை)

நான் பி.எட். இரண்டாமாண்டு மாணவி. தாராவியில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சயான் டீச்சர் சொன்ன முதல் பெண்ணைப் போலத்தான் நானும் எழுதுகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். சாலிட், லிக்விட், காஸ் பற்றிய பாடம். இருபது நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். மீதிப் பதினைந்து நிமிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின் வரிசையில் சத்தம் கூடியது. கரும்பலகையைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றேன், கண் கலங்கிவிட்டது. அன்றிரவு வீட்டில் அம்மா இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார், கிரைண்டர் சத்தத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே சொல்லில்தான் பதில் இருந்தது, அதனால்தான் பாடம் ஓடிவிட்டது என்று எழுதும்போதுதான் எனக்கே புரிந்தது.

கல்லூரியில் அதைப் படித்த ஆசிரியர் பென்சிலால் கோடிட்டு, "வெளித்தேர்வாளர் பார்ப்பார், இதையெல்லாம் வைக்காதே" என்றார். என் நன்மைக்காகத்தான் சொன்னார். அந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. ஃபைலில் அந்த இடத்தில் ஒரு சார்ட் இருக்கிறது. அதை வண்ணத்தில் பிரிண்ட் எடுக்கத் தொண்ணூறடி ரோட்டுக் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

மதிப்பெண் போடுபவரிடம் நான் தோற்ற கதையை எப்படிச் சொல்வது? நேர்மையாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்றால் யார் எழுதுவார்கள்? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். கோபமாகக் கேட்கவில்லை.

சயான் டீச்சர் (திங்கள் காலை)

அந்த இரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே அம்மா. பத்திரமாக வைத்திரு.

கல்யாண் தலைமையாசிரியர் (திங்கள் மதியம்)

மாற்றுக் கருத்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்தாறு பேரை வேலைக்கு எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். தொகுப்பேட்டை நான் திறப்பதே இல்லை. யார் எழுதியது என்று தெரியாது. பழைய மாணவர்களின் ஃபைலைப் பார்த்து எழுதுகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் மனதை உருக்கும் சிந்தனைக் குறிப்பை அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. தோல்வியைப் பற்றி எழுதச் சொன்னால் அழகான தோல்வி ஒன்றையும் எழுதித் தரும்.

நான் ஒரு வகுப்பைக் கொடுத்து இருபது நிமிடம் பாடம் எடுக்கச் சொல்வேன். குரல் எட்டுகிறதா, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறாரா, ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று பார்ப்பேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பயிற்சிக் காலத்தில் எத்தனை வாரம் இருந்தார், என்ன எழுதினார் என்பது எனக்குப் பயன்பட்டதில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே ஃபைலுக்கு ஒரு தேர்வாளர் எண்பது போடுகிறார், இன்னொருவர் அறுபது போடுகிறார். அதை வைத்து ஒரு பிள்ளையின் தொழிலைத் தீர்மானிப்பது நியாயமா?

தாராவி தமிழ்ப்பிரிவு (திங்கள் மாலை)

தலைமையாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பானையில் எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணீர், ஒரே தீ. அதனால் ஒரு சோறு போதும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வேகுவதில்லை. இருபது நிமிடத்தில் நீங்கள் பார்ப்பது ஆசிரியரை. பிள்ளை கற்றதா என்பது மறு வாரம்தான் தெரியும்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அதில் ஒன்று தமிழ். அப்படி ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். திருநெல்வேலிப் பக்கம் பயிற்சி முடித்து, கல்யாணமாகி இங்கு வந்தேன். வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னேன். பாதி வகுப்பு 35 என்று எழுதியது. இரண்டில் ஏழு போகாது என்றவுடன் பிள்ளைகள் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டார்கள். நான் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று பயிற்சியில் படித்த மாதிரியே சொன்னேன். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "டீச்சர், அஞ்சு வீட்டில் கடன் வாங்கினால் எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டாள். அவள் வீட்டில் கடன் என்ற சொல்லுக்குப் பயமான பொருள் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் சொன்ன பதில் "உட்கார்." அதற்கு இன்றும் வருந்துகிறேன்.

மறு வாரம் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினேன். கடன் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. ஐந்து கட்டில் ஒன்றை அவிழ்த்தோம், நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் இருந்தன, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைதான் முதலில் 25 என்று சொன்னாள்.

நான் தொகுப்பேடு வைத்திருந்தால் இந்த இரண்டு நாளும் அதில் இருந்திருக்க வேண்டும். 35 என்று எழுதிய நோட்டு, "உட்கார்" என்று நான் சொன்னது, தீக்குச்சி, பிறகு 25 எழுதிய நோட்டு. என் பயிற்சி ரெக்கார்டு நோட்டில் கழித்தல் பாடம் ஒன்று இருக்கிறது. அதில் எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் பள்ளிக்கு எப்போதாவது பார்வையிட வரும் பி.எட். மாணவர்கள் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளை தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினால் அந்தக் "கடன்" எப்படித் தெரியும்? அது ஒரு கணக்குச் சொல்லாக மாறிப்போகும். பிள்ளையின் பேச்சைப் பிள்ளையின் மொழியிலேயே எழுத இடம் கொடுக்க வேண்டும். மராத்திப் பிரிவானால் மராத்தியில், உருதுப் பிரிவானால் உருதுவில்.

கல்யாண் தலைமையாசிரியர் (திங்கள் இரவு)

தீக்குச்சிக் கதையைப் படித்தபிறகு என் வாதத்தின் ஒரு பாதியை விட்டுக்கொடுக்கிறேன். இப்படிப்பட்ட நான்கு பக்கத்தை என் மேசையில் யாராவது வைத்தால் நான் நிச்சயம் படிப்பேன். ஆனால் அது உண்மையாக நடந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க என்ன வழி? இந்த இரண்டுக்கும் பதில் வரவில்லை.

முலுண்ட்வாசி (செவ்வாய் காலை)

இரண்டும் சரியான கேள்விகள். அமெரிக்காவில் இவற்றோடு பெரிய அளவில் மல்லுக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். எட்-டி.பி.ஏ. என்று ஒரு தொகுப்பேட்டு மதிப்பீடு. ஸ்டான்ஃபோர்டில் உருவானது, 2013இல் நாடு தழுவி நடைமுறைக்கு வந்தது. பயிற்சி ஆசிரியர் தொடர்ச்சியான மூன்று முதல் ஐந்து பாடங்களுக்குத் திட்டம், வெட்டி ஒட்டாத வீடியோத் துண்டுகள், பிள்ளைகளின் வேலை, அதைப் பற்றிய தன் ஆய்வு ஆகியவற்றை அனுப்ப வேண்டும். பெரும்பாலான பாடங்களுக்குப் பதினைந்து அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மதிப்பிடுவோருக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். தலைமையாசிரியர் கேட்ட "ஆளுக்கு ஆள் மாறும்" சிக்கலுக்கு அதுதான் மருந்து: அளவுகோலை முதலிலேயே எழுதி வைப்பது, ஒரே தொகுப்பேட்டைப் பலர் தனித்தனியாக மதிப்பிட்டு, ஏன் வேறுபட்டோம் என்று பேசி, கண்ணைப் பழக்குவது.

ஆனால் விலையும் கொடுத்தார்கள். மாணவர் கட்டணம் 300 டாலராக இருந்தது. மதிப்பிடுபவர் அந்தப் பள்ளியை, அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை. ஆசிரியர் உரிமம் கிடைப்பதே அதை நம்பியிருந்ததால், பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி அந்தத் தொகுப்பைத் தயாரிப்பதிலேயே போகிறது என்ற குறை எழுந்தது. நியூயார்க் மாநிலம் 2022இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது, ஜார்ஜியாவும் வாஷிங்டனும் அதற்கு முன்பே விட்டுவிட்டன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. கற்றுக்கொள்ள வைக்கும் தொகுப்பேட்டையும் தீர்ப்புச் சொல்லும் தொகுப்பேட்டையும் ஒரே ஃபைலுக்குள் அடைத்தால் இரண்டும் கெடும். தாராவி மாணவியின் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது அம்மா. பதினாறு வாரமும் எழுதும் குறிப்புக்கு யாரும் மதிப்பெண் போடக் கூடாது. அதை வழிகாட்டி ஆசிரியர் மட்டும் படிக்கலாம். முடிவில் அதிலிருந்து நீயே தேர்ந்தெடுத்துச் சில பக்கங்களைத் தீர்ப்புக்குக் கொண்டுவர வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாய், ஏன் என்பதுதான் மதிப்பிடப்பட வேண்டும்.

போலியா உண்மையா என்பதற்கு வீடியோவைவிட எளிய வழி ஒன்று உண்டு. உட்கார வைத்துப் பேசுவது. நான் வேலையில் இருந்த கடைசி நான்கு ஆண்டுகளில் இதை முயன்று பார்த்தேன். ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்தப் பிள்ளை எந்த பெஞ்சில் உட்காருவான்? நீ இதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவன் என்ன சொன்னான்?" என்று கேட்பேன். வகுப்பில் நடந்ததை எழுதியவர் நிறுத்தவே மாட்டார். கடையில் வாங்கி எழுதியவர் இரண்டாவது கேள்வியில் மௌனமாகிவிடுவார். செயற்கை நுண்ணறிவுக்கும் அந்த பெஞ்ச் தெரியாது.

வாஷி அப்பா (செவ்வாய் மதியம்)

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். வீடியோ என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன். என் மகள் வகுப்பில் பயிற்சிக்கு வந்தவர் பாடத்தைக் கைபேசியில் எடுத்து, வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார். கணக்குத் தெரியாமல் கரும்பலகை முன் விழித்துக்கொண்டு நின்றது என் மகள். இரண்டு நாள் பள்ளிக்குப் போக மறுத்தாள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தொகுப்பேட்டில் பிள்ளையின் தவறான கணக்கை ஒட்டும்போது பெயரை மறையுங்கள். முகத்தை எடுக்காதீர்கள். ஆசிரியர் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால் குரல் பதிவு போதாதா?

சயான் டீச்சர் (செவ்வாய் இரவு)

உங்கள் மகளுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. நான் ஒட்டவிட்ட ஜெராக்ஸிலும் அந்தப் பையனின் பெயர் மூலையில் தெரிந்துகொண்டிருந்தது. இன்று போய் அந்தப் பெண்ணை அழைத்து அதை மறைக்கச் சொல்லிவிட்டேன். அவன் சொன்னதைத் தொகுப்பேட்டில் வைத்திருக்கிறோம் என்று அவனிடமும் சொன்னோம். "என் தப்பையா?" என்று முதலில் கூச்சப்பட்டான். "உன் யோசனையை" என்று அந்தப் பெண் சொன்னாள். உட்கார்ந்திருந்த இடத்திலேயே கொஞ்சம் நிமிர்ந்தான்.

தொண்ணூறடி ரோடு (புதன் காலை)

முலுண்ட் ஐயாவின் பதிலை மூன்று முறை படித்தேன். நேற்று என் வழிகாட்டி ஆசிரியையிடம் அந்த இரண்டு பக்கத்தையும் காட்டிவிட்டேன். மதிப்பெண்ணுக்கு இல்லை, படித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் படித்துவிட்டு எதுவும் திருத்தவில்லை. மறுபடி அதே வகுப்புக்கு அதே பாடத்தை எடுக்கிறாயா என்று கேட்டார்.

இன்று எடுத்தேன். மூன்றே கேள்விகள்தான் வைத்திருந்தேன். ஒன்று: "மாவை டம்ளரில் ஊற்றலாம், அது டம்ளர் வடிவத்துக்கு வருகிறது. அப்படியானால் மாவு லிக்விடா?" கோதுமை மாவை ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். ஊற்றிக் காட்டினேன். பாதிப் பேர் லிக்விட் என்றார்கள். ஒரு பையன் மாவைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்து, "ஒவ்வொரு பொடியும் கல் மாதிரிதான் டீச்சர், நிறைய இருப்பதால் ஓடுகிறது" என்றான். அவனோடு மூன்று பேர் சண்டைக்குப் போனார்கள். மணி அடித்தபோது மூன்றாவது கேள்விக்கு நான் போகவேயில்லை.

பின் வரிசையில் இன்றும் சத்தம்தான். ஆனால் மாவைப் பற்றிய சத்தம்.

முலுண்ட்வாசி (புதன் காலை)

இந்தப் பதிவை இன்றைய தேதி போட்டு அப்படியே உன் தொகுப்பேட்டில் வை. பழைய இரண்டு பக்கத்துக்கு அடுத்ததாக வை. சார்ட்டை எடுத்துவிடு.

கல்யாண் தலைமையாசிரியர் (புதன் மாலை)

தாராவி மாணவி தேர்வு முடித்ததும் எங்கள் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பக்கங்களோடு வரட்டும். இருபது நிமிடப் பாடமும் எடுக்க வேண்டும், அதை நான் விடமாட்டேன். ஆனால் பாடத்துக்கு முன்பாக அரை மணி நேரம் அந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசுவோம்.

சயான் டீச்சர் (சனி இரவு)

இன்று கல்லூரிக்குப் போய்வந்தேன். இரண்டு மணி நேரம் பேசினோம். பல்கலைக்கழகம் கேட்கும் படிவங்களை விட முடியாது, தேர்வாளருக்கு அவை வேண்டும் என்றார்கள். அவர்களுடைய நெருக்கடியும் எனக்குப் புரிந்தது. ஒருவர் கையில் இருபது இருபத்தைந்து மாணவர்கள். எல்லோருடைய ஃபைலையும் ஒரே வாரத்தில் பார்த்து முடிக்க வேண்டும். நூற்றெண்பது பக்கத்தைப் புரட்டத்தான் முடியும், படிக்க முடியாது. அதனால் கண்ணில் படும் வண்ணத்துக்கு மதிப்பெண் போகிறது. இதைச் சொன்னபோது ஒரு விரிவுரையாளர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தைக் குறைத்தால்தான் உங்களால் படிக்க முடியும் என்றேன்.

எங்கள் பள்ளிக்கு வரும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு முறை முயன்று பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். படிவங்கள் ஒரு ஃபைலில் தனியாகப் போகும். தொகுப்பேடு இருபது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் ஒரு பாடப்பகுதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து எடுத்த பதிவு இருக்க வேண்டும். நன்றாகக் கற்கும் ஒரு பிள்ளை, தடுமாறும் ஒரு பிள்ளை, வாயே திறக்காத ஒரு பிள்ளை என்று மூவரின் நோட்டுகள் அந்தப் பாடத்துக்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தன என்று காட்ட வேண்டும். வாயே திறக்காத பிள்ளையைச் சேர்க்கச் சொன்னது நான். பதினாறு வாரம் முடிந்தும் அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு சரியாகப் போகாத ஒரு பாடமும், அதை மறுபடி எடுத்ததும் கட்டாயம். வெற்றிபெற்ற பாடம் கட்டாயமில்லை. பிள்ளைகள் சொன்னது எந்த மொழியில் இருந்தாலும் அந்த மொழியிலேயே எழுதலாம், பெயர் வேண்டாம், புகைப்படம் வேண்டாம்.

முடிவில் அரை மணி நேரப் பேச்சு. கல்லூரியிலிருந்து ஒருவர், பள்ளியிலிருந்து நான். இருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதி, பிறகுதான் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மறுபடி பக்கத்தைத் திறக்க வேண்டும்.

ஒன்றில் எனக்கு இன்னும் தெளிவில்லை. "தயார் இல்லை" என்று சொல்ல நேர்ந்தால் அந்த மாணவருக்கு என்ன வழி? இப்போது எல்லோரும் தேறிவிடுகிறார்கள், அதனால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. இன்னும் நான்கு வாரம் பள்ளியில் இருந்து மறுபடி முயலட்டும் என்றேன். பல்கலைக்கழகத் தேதிகள் இடம் கொடுக்காது என்றார்கள். அதை விடப்போவதில்லை. நான் கையெழுத்துப் போடும் ஒருவர் அடுத்த ஜூனில் நாற்பது பிள்ளைகள் முன் தனியாக நிற்கப் போகிறார்.

தாராவி தமிழ்ப்பிரிவு (ஞாயிறு காலை)

அடுத்த முறை இரண்டு பேரை எங்கள் தமிழ்ப் பிரிவுக்கும் பார்வையிட அனுப்புங்கள் டீச்சர். தமிழ் வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும் சரி. பிள்ளைகளின் நோட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறேன். தீக்குச்சிக் கட்டுகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.